தோக்கிப் பறவையும் நெல்வயலும் – ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் காட்டை அழித்தான். அதனாற் பறவையினங்கள் அழிந்தன என்று கூறுவது வழக்கம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும், மனிதன் தன் கையால் ஆக்கிய நிலத்தையே இரைநிலமாகக் கொண்டு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு பறவை, அந்நிலத்தை அவன் பண்படுத்தும் முறை மாறியபோது அழிவின் விளிம்பை அடைந்த வரலாறும் உண்டு. யப்பானியர் ‘தோக்கி’ என வழங்கும் பறவையின் வரலாறு அத்தகையது. வேட்டை, சட்டம், விஞ்ஞானம், அரசுறவு ஆகிய யாவும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. எனினும் அவை அனைத்திற்கும் அடியில் இருப்பது நெல்வயலே. இதனை உணர்வதற்கு அந்நாட்டு ஆட்சியாளருக்கும் அறிஞருக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

தோக்கி அரிவாள்மூக்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட கால்களால் ஆழமற்ற நீரில் நடந்து, கீழ்நோக்கி வளைந்த அலகைச் சேற்றினுட் செலுத்தி, கண்ணாற் காணாத இரையையும் தொடுவுணர்வினாற் பற்றும் இயல்பு இக்குடும்பத்திற்கு உரியது. அதன் உறவினங்கள் இலங்கையிலும் உள்ளன. கரிய தலையும் வெண்ணுடலும் கொண்ட அரிவாள்மூக்கன் குளக்கரைகளிலும் உழுத வயல்களிலும் கூட்டமாக மேய்வதைக் காணாதார் சிலரே. பழந்தமிழ்ப் பாடல்களில் பனைமரத்தில் துணை பிரியாது வாழ்வதாகக் கூறப்படும் அன்றிலும் இக்குடும்பத்துப் பறவையே எனக் கருதுவோர் உளர். தோக்கி இவற்றினின்றும் தோற்றத்தால் வேறுபட்டது. ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் நீளமுடைய இப்பறவையின் முகம் இறகின்றிச் சிவந்திருக்கும். கரிய அலகின் நுனியும் சிவப்பே. பிடரியில் நீண்ட இறகுகள் குடுமிபோலத் தொங்கும். நிலத்தில் நிற்கும்போது உடல் வெண்மையாகத் தோன்றும். சிறகை விரித்து எழும்போதுதான் அதன் உட்புறத்து இளஞ்சிவப்புப் புலப்படும். யப்பானிய மொழியில் அந்நிறத்துக்கே ‘தோக்கி நிறம்’ என்று பெயர். கி.பி. 720 இல் நிறைவுற்ற ‘நிஹொன் ஷொக்கி’ என்னும் வரலாற்று நூல், இப்பறவையின் பெயரைப் ‘பீச் மலர்ப் பறவை’ எனப் பொருள்படும் எழுத்துக்களாற் குறிக்கின்றது. இசே ஆலயத்திற் காலந்தோறும் புதிதாகச் செய்து வைக்கப்படும் திருப்பொருள்களுள் ஒன்றான வாளின் கைப்பிடியைத் தோக்கியின் இறகால் அணிசெய்வது மரபு.

இப்பறவையின் உடலியல்பு ஒன்று நெடுங்காலம் அறிஞரை மயக்கியது. வெண்ணிறத் தோக்கிகளும் உண்டு; தலை, கழுத்து, முதுகு ஆகியவை சாம்பல் நிறங்கொண்ட தோக்கிகளும் உண்டு. சீனப் பறவைகளை ஆராய்ந்த பிரெஞ்சுப் பாதிரியாரான ஆர்மன் டாவிட், சாம்பல் நிறப் பறவையைத் தனியினமெனவே கருதினார். உண்மையில் இரண்டும் ஒன்றே. இனப்பெருக்க காலம் நெருங்கும்போது கழுத்துப்புறத் தோலிலிருந்து கரிய பொருளொன்று சுரக்கின்றது. பறவை நீராடியபின் தலையைச் சாய்த்து, அப்பொருளைத் தன் இறகுகளிற் பலமுறை தேய்த்துக்கொள்ளும். சாயம் தோய்ப்பதுபோன்ற இச்செயலினாலேயே நிறம் மாறுகின்றது. பறவையுலகில் இது மிக அரிது. அடர்ந்த மரக்கிளைகளிடையே கூட்டில் அடைகாக்கும் பறவைக்கு இந்நிறம் மறைவளிக்கும் எனக் கொள்வது பொருத்தமாகும். மூன்று அல்லது நான்கு முட்டைகள், ஏறத்தாழ நான்கு வார அடைகாப்பு, மேலும் ஆறு வாரமளவில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறல் என்பதே அதன் இல்வாழ்க்கை.

மேற்குலக விஞ்ஞானம் தோக்கியை அறிந்தது ஒல்லாந்தரின் வணிகத் தொடர்பினாலாகும். நாகசாக்கித் துறைமுகத்துத் தெஷிமா என்னும் சிறு தீவில் ஒல்லாந்த வணிகரின் மருத்துவராகப் பணியாற்றிய ஜேர்மனியரான சீபோல்ட் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, லெய்டன் அரும்பொருளகத்தின் தெமிங்க் 1835 இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பின்னர் பேரினப் பெயரும் மாற்றப்பட்டு ‘நிப்போனியா நிப்போன்’ என்றாயிற்று. யப்பானின் பெயரை இருமுறை தாங்கிய பறவை அந்நாட்டிலேயே இல்லாது போகும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது. ஏனெனில் அக்காலத்தில் அது யப்பானில் மட்டுமன்றிச் சீனா, கொரியா, உருசியாவின் தூரகிழக்கு ஆகிய பகுதிகளிலும் சாதாரணமாகக் காணப்பட்டது.

கமக்காரர் அதனை விரும்பினர் என்று கூறுவதற்கில்லை. நாற்று நட்ட வயலில் இறங்கி அயிரை மீனையும் தவளையையும் தேடுகையில் தோக்கி நாற்றை மிதித்து அழித்தது. புத்தாண்டுக் காலத்திற் சிறுவர் பாடித்திரிந்த ‘பறவை ஓட்டும்’ பாடல்களில் வெறுக்கத்தக்க பறவைகளுள் ஒன்றாக அதன் பெயரும் வருகின்றது. பிள்ளைப்பேற்றின் பின் பெண்களுக்கு ஏற்ற மருந்துணவாகவும் அதன் இறைச்சி கருதப்பட்டது. சமைக்கும்போது குழம்பு செந்நிறமாவதால் அதனைப் பாராதிருக்க இருளிலேயே உண்டனர் என்றும் சொல்லப்படுகிறது. இத்தனையிருந்தும் பறவை பெருகியே வாழ்ந்தது. தொக்குகாவா ஆட்சிக்காலத்தில் வேட்டையும் துப்பாக்கியும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமை இதற்கு ஒரு காரணம். ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத வயல்கள் மற்றொரு காரணம். இவ்விரண்டாவது காரணமே வரலாற்றாசிரியரின் கவனத்திலிருந்து பெரிதும் தப்பிவிட்டது.

1868 இல் மெய்ஜி ஆட்சி தோன்றியதும் பழைய தடைகள் தளர்ந்தன. துப்பாக்கி பொதுமக்கள் கைக்கு வந்தது. இறகு ஏற்றுமதிப் பண்டமாயிற்று. தோக்கியின் இளஞ்சிவப்பு இறகு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விலைபோயிற்று. ஒரு தலைமுறைக் காலத்தினுள் பெருநிலப்பரப்பெங்கும் அது அருகியது. 1908 இல் வேட்டைச் சட்டத்தின் கீழ் அதற்குப் பாதுகாப்பளிக்கப்பட்டபோது பாதுகாப்பதற்கு எஞ்சியிருந்தவை மிகச் சில. 1920களில் அது முற்றாக அழிந்துவிட்டதென்றே அறிஞர் கருதினர். 1930களின் தொடக்கத்தில் யப்பான் கடலிலுள்ள சாதோ தீவிலும், நோட்டோ தீபகற்பத்திலும் அது இன்னும் வாழ்வது உறுதியாயிற்று. 1934 இல் அது இயற்கை நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

சாதோத் தீவில் அது தப்பியது தற்செயலன்று. 1601 இல் அங்கு தங்கச் சுரங்கம் திறக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர், அதிகாரிகள், வணிகர் எனப் பெருந்தொகையினர் அச்சிறு தீவில் வந்து குவிந்தனர். அவர்களுக்குச் சோறிடுவதற்காக மலைச்சரிவுகளிலெல்லாம் படிப்படியாக வயல்கள் வெட்டப்பட்டன. மலையூற்று நீரால் நிரம்பிய இவ்வயல்கள் அறுவடையின் பின்னரும் முற்றாகக் காயவில்லை. பனிக்காலத்திலும் உறையாத ஊற்றுவாய்களில் அயிரையும் நண்டும் கிடைத்தன. வயலின் ஓரத்திலேயே பைன் மரக்காடு. இரைநிலமும் கூடுகட்டும் மரமும் இவ்வாறு அருகருகே அமைந்தது தோக்கிக்குப் பேறாயிற்று. பொன்னாசை வெட்டிய வயலிற் பறவை பிழைத்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

போர்க்காலத்திலும் போருக்குப் பிந்திய வறுமையிலும் சாதோவின் மலைக்காடுகள் மரத்துக்காகவும் கரிக்காகவும் வெட்டப்பட்டன. 1952 இல் தோக்கி ‘விசேட இயற்கை நினைவுச்சின்னம்’ என்னும் உயர்நிலைக்கு ஏற்றப்பட்டது. 1960 இல் தோக்கியோவிற் கூடிய சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு மாநாடும் அதன்மேற் சிறப்புக் கவனஞ் செலுத்தியது. ஆனால் இதே ஆண்டுகளில் வயலில் நிகழ்ந்தது என்ன? டி.டி.ரி., பி.எச்.சி. முதலிய கிருமிநாசினிகளும், நெற்பயிரின் எரிபந்த நோய்க்கெதிரான இரசக் கூட்டுப்பொருள்களும் நாடெங்கும் தெளிக்கப்பட்டன. அயிரையும் தவளையும் அருகின. இரசாயனத்தை மட்டும் குறைகூறுதல் முழு விளக்கமாகாது. பொறிகள் இறங்கி வேலைசெய்வதற்கேற்ப வயல்கள் பெரிதாக்கப்பட்டுச் சதுரமாக்கப்பட்டன. மண்வாய்க்கால்கள் கொங்கிறீற்று வாய்க்கால்களாயின. வயலுக்கும் வாய்க்காலுக்குமிடையே மீன் ஏறியிறங்கும் வழி அடைபட்டது. அறுவடையின் பின் நீர் முற்றாக வடிக்கப்பட்டது. அரசு 1970 இல் நெற்செய்கைப் பரப்பைக் குறைக்கும் கொள்கையை மேற்கொண்டபோது, முதலிற் கைவிடப்பட்டவை உழைப்பு மிகுதியாக வேண்டிய மலைப்படி வயல்களே. பறவை கடைசியாக ஒதுங்கியிருந்த இடமும் அதுதான்.

பறவையைச் சுடுவது குற்றம். அதன் வயலை உலர்த்துவது அபிவிருத்தி. சட்டப்புத்தகத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

நோட்டோவில் எஞ்சியிருந்த ஒரேயொரு பறவை 1970 இற் பிடிக்கப்பட்டுச் சாதோவுக்குக் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டே இறந்தது. சாதோவில் 1967 இல் பாதுகாப்பு நிலையமொன்று நிறுவப்பட்டிருந்தது. அந்நிலையத்தின் வரலாற்றில் மறக்கவியலாத பெயர் ‘கின்’ என்பது. 1967 இல் இளந்தோக்கியொன்று தனியாக ஊர்ப்புற வயல்களுக்கு இறங்கிவந்தது. அதனைக் கண்காணிக்கும் பொறுப்பு உஜி கிந்தாரோ என்னும் முதியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நாள்தோறும் அயிரை மீன் கொடுத்து வந்தார். முதலில் தொலைவில் நின்ற பறவை நாளடைவில் அவரது கையிலிருந்தே இரையெடுத்தது. பின்னர் அதனைப் பிடிக்குமாறு அவர் கேட்கப்பட்டார். பலநாள் தயங்கிய பின், 1968 மார்ச்சில், அருகே வந்த பறவையை அவர் இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். அவருடைய பெயரின் முதலெழுத்தே பறவைக்குப் பெயராயிற்று. தன்னை நம்பிய உயிருக்குத் தான் இழைத்தது துரோகமோ என்னும் எண்ணம் இறுதிவரை அவரை வருத்தியது என்பர். பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ அறிக்கைகளைவிட இந்நிகழ்ச்சி அதிகம் உணர்த்துகின்றது.

1981 ஜனவரியில் மிகப் பெரிய முடிவு எடுக்கப்பட்டது. சாதோவின் காட்டில் எஞ்சியிருந்த ஐந்து பறவைகளையும் பிடித்துக் கூட்டில் வளர்த்து இனப்பெருக்கஞ் செய்விப்பதென்பதே அம்முடிவு. இதனை எதிர்த்தோரும் இருந்தனர். காட்டுப்பறவையைக் காட்டில் வைத்துக் காப்பதே முறை என்பது அவர்களது வாதம். ஆயினும் பல ஆண்டுகளாகக் கூடுகளில் குஞ்சுகள் தேறாமையைக் காட்டி அரசு தன் முடிவை நிறைவேற்றியது. காலில் இடப்பட்ட வளையத்தின் நிறமே ஒவ்வொரு பறவைக்கும் பெயராயிற்று: சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சை. இரண்டு பறவைகள் அவ்வாண்டிலேயே இறந்தன. ‘வெள்ளை’ 1983 இல் முட்டை வெளிவராமல் இறந்தது. 1986 இல் ‘நீலம்’ இறந்தபின் எஞ்சியவை ‘மிதொரி’ எனப்பட்ட பச்சையும், வயது முதிர்ந்துகொண்டிருந்த கின்னுமே. யப்பானிய வானத்தில் ஒரு தோக்கியும் இல்லை. முடிவு தவறானதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பிடிக்காது விட்டிருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று கொள்வதற்கும் ஆதாரமில்லை, ஏனெனில் அவை மேய வேண்டிய வயல் ஏற்கனவே மாறிவிட்டது.

அதே 1981 இல், மே மாதத்தில், சீனாவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. அங்கும் 1964 இன் பின்னர் தோக்கியைக் கண்டார் இல்லை. சீன விஞ்ஞானக் கழகத்தின் விலங்கியல் நிறுவனத்தைச் சேர்ந்த லியு யின்செங் என்பவரும் அவரது குழுவினரும் 1978 முதல் மாகாணம் மாகாணமாகத் தேடினர். மூன்றாம் ஆண்டில், ஷான்சி மாகாணத்தில் சின்லிங் மலைத்தொடரின் தென்சரிவிலுள்ள யாங் மாவட்டத்து மலைக்கிராமமொன்றில் ஏழு தோக்கிகளைக் கண்டனர். இரண்டு சோடிகள், மூன்று குஞ்சுகள். அன்று உலகில் இயற்கையாக வாழ்ந்தவையாக அறியப்பட்ட தோக்கிகள் அவ்வளவே. இன்றுள்ள ஆயிரக்கணக்கான தோக்கிகளும் அச்சிறு கூட்டத்தின் வழிவந்தவையே.

அவ்வேழும் அங்கு பிழைத்தமைக்குக் காரணம் தேடினால் மீண்டும் வயலுக்கே வரவேண்டியிருக்கின்றது. அம்மலைக் கிராமங்களில் ஒழுங்கான நீர்ப்பாசனம் இருக்கவில்லை. வசந்தத்தில் நாற்று நடுவதற்கு நீர் கிடைக்குமோ என்ற அச்சத்தால், கமக்காரர் அறுவடையின் பின் மழைநீரை வயலிலேயே தேக்கிவைத்தனர். ‘குளிர்கால நீர்வயல்’ என வழங்கிய இவ்வயல்கள் ஒரு போகமே விளைந்தன. பொருளாதார நோக்கில் இது பின்தங்கிய முறை; தோக்கிக்கோ பனிக்காலத்து உணவு. வறுமை காத்த பறவை இது எனலாம். சீன அதிகாரிகள் அப்பகுதியில் வேட்டையையும், கூடுள்ள மரங்களை வெட்டுவதையும், வயலில் இரசாயனமிடுவதையும் தடைசெய்தனர். காவலர் கூட்டின் அருகிலேயே தங்கினர். குஞ்சு தவறி விழுந்தால் தாங்குவதற்கு மரத்தின் கீழ் வலை கட்டினர். பாம்பு ஏறாதபடி அடிமரத்தைக் காத்தனர். யப்பான் பறவையைக் கூட்டுக்குட் கொண்டுசென்ற ஆண்டிலேயே சீனா பறவை இருந்த ஊருக்குச் சென்று தங்கியது. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் இதனைப் புகழும் எழுத்துக்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன. தடையின் சுமையைத் தாங்கியோர் அம்மாவட்டத்தின் ஏழைக் கமக்காரர். அயலூரார் உரமும் மருந்துமிட்டு விளைச்சலைப் பெருக்கியபோது, இவர்கள் குறைந்த விளைச்சலோடும் பறவை மிதித்த நாற்றோடும் காலங்கழிக்க வேண்டியதாயிற்று.

பின்னர் நடந்தவற்றிற் பெரும்பகுதி அரசுறவின் கதை. 1985 இல் ஹுவாஹுவா என்னும் ஆண்பறவை சீனாவிலிருந்து கடனாகப் பெறப்பட்டுக் கின்னுடன் சேர்க்கப்பட்டது, பயனில்லை. 1990 இல் மிதொரி பெய்ஜிங்குக்கு அனுப்பப்பட்டது, அதுவும் பயனளிக்கவில்லை. இதற்கிடையில் 1989 இல் பெய்ஜிங் மிருகக்காட்சிச்சாலையில் செயற்கை இனப்பெருக்கம் வெற்றிபெற்றது. மிதொரி 1995 இல் இறந்தது. 1998 இல் யப்பானுக்கு வந்த சீன அதிபர் ஜியாங் செமின் ஒரு சோடித் தோக்கியை அன்பளிப்பாக அறிவித்தார். அவை 1999 ஜனவரியில் சாதோவை அடைந்தன. அவ்வாண்டு மே மாதத்திலேயே குஞ்சு பொரித்தது. யப்பான் முழுவதும் அச்செய்தியைக் கொண்டாடியது. கின் அப்போதும் உயிரோடிருந்தது. 2003 ஒக்ரோபர் 10 ஆம் நாள் காலை, நெடுநாளாகப் பறவாதிருந்த அம்முதிய பறவை திடீரெனச் சிறகடித்து மேலெழுந்து, கூட்டின் கதவில் தலை மோதி இறந்தது. யப்பானின் பழைய தோக்கிகளின் வழி அத்துடன் முடிவுற்றது.

ஆகவே இன்று சாதோவிற் பறப்பவை பழைய தோக்கிகளின் வழித்தோன்றல்கள் அல்ல. சீனத் தோக்கிகளின் மக்கள். இதனை மீட்சி என்பதா, குடியேற்றம் என்பதா என வினவியோர் உண்டு. இனம் ஒன்றே என்பதில் ஐயமில்லை. முற்காலத்தில் இவை வேறுபட்ட நாடுகளிலும் பரந்து வாழ்ந்தவை. எல்லைக்கோடு மனிதர் இட்டது. கொரியாவிலும் இதே நிலை காணப்பட்டது. 1979 இல் படைநீக்கப் பிரதேசத்திற் கடைசியாகக் காணப்பட்ட பின், 1925 இல் இயற்றப்பட்ட சிறுவர் பாடலில் மட்டுமே அப்பறவை வாழ்ந்தது. 2008 இற் சீனா ஒரு சோடியை வழங்க, 2019 இல் உப்போ சதுப்புநிலத்தில் 40 பறவைகள் வெளிவிடப்பட்டன.

சாதோவில் 2008 செப்ரெம்பர் 25 ஆம் நாள் பத்துப் பறவைகள் வெளிவிடப்பட்டன. அரச குடும்பத்தினர் முன்னிலையில், மரப்பெட்டிகள் திறக்கப்பட்டதும் அவை வெவ்வேறு திசைகளில் பறந்தன. காட்சிக்கு அழகாயிருந்த இம்முறை பறவைக்கு உகந்ததாக அமையவில்லை. அவை கூட்டமாகச் சேரவில்லை. பெண்பறவைகள் சில கடல்தாண்டிப் பெருநிலப்பரப்புக்குச் சென்றுவிட, ஆண்பறவைகள் தீவில் தனித்தன. அடுத்த முறை பெட்டி கைவிடப்பட்டது. பழகுகூட்டின் வாயிலைத் திறந்து வைத்து, பறவைகள் தாமாகவே வெளியேற விடப்பட்டன. 2010 மார்ச்சில், கீரியை ஒத்த மார்ட்டென் என்னும் ஊனுண்ணி பழகுகூட்டினுட் புகுந்து ஒன்பது பறவைகளைக் கொன்றது. அதன்பின் கம்பிவலையின் துளைகள் ஒவ்வொன்றாகத் தேடி அடைக்கப்பட்டன. 2012 இல் இயற்கையான கூட்டிற் பொரித்த குஞ்சுகள் பறந்தன. அந்நாட்டில் அவ்வாறு நிகழ்ந்தது 38 ஆண்டுகளுக்குப் பின்னராகும்.

பறவையை வெளிவிடுவதற்கு முன்னரே வயலைத் திருத்த வேண்டும் என்பதை இம்முறை சாதோ உணர்ந்திருந்தது. 2008 இல் நகரசபை நெல்லுக்கு ஒரு சான்றிதழ் முறையை உருவாக்கியது. இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் வழக்கமான அளவிற் பாதியாகவாவது குறைத்தல், குளிர்காலத்தில் வயலில் நீர் தேக்குதல், வாய்க்காலிலிருந்து வயலுக்கு மீன் ஏற வழியமைத்தல் முதலியவை அதன் நிபந்தனைகள். இவற்றுள் எளிமையானதும் பயன்மிக்கதும் ‘எ’ எனப்படும் ஓரப்பள்ளம். நெற்பயிர் வளரும் காலத்தின் இடையில் வயலின் நீரை வடிப்பது வழக்கம். அப்போது வரம்போரத்துப் பள்ளத்தில் மட்டும் நீர் நிற்கும். அயிரையும் தவளைக்குஞ்சும் நீர்ப்பூச்சியும் அங்கு ஒதுங்கித் தப்பும். பழைய மலைவயல்களிற் குளிர்ந்த ஊற்றுநீரை வெதுவெதுப்பாக்குவதற்காக வெட்டப்பட்ட பள்ளமே இன்று புதிய நோக்கத்தோடு மீண்டும் வெட்டப்படுகின்றது. இந்நெல் தோக்கியின் பெயரால் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. கமக்காரரின் அறவுணர்வை மட்டும் நம்பாது அவரது வருவாயையும் கருதியமையே இத்திட்டத்தின் வலிமை. யாங் மாவட்டத்தில் முதலில் விடுபட்டதும் அதுவே. 2011 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் சாதோவின் கமத்தொழில் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த கமத்தொழில் மரபாக ஏற்றது.

சாதோவில் இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தோக்கிகள் காட்டில் வாழ்கின்றன. 2019 இல் யப்பானிய அரசு அதனை ‘காட்டில் அழிந்த இனம்’ என்ற நிலையிலிருந்து நீக்கியது. ஆனால் தீவின் கமக்காரர் முதியோராகி வருகின்றனர். இளைஞர் நகரங்களுக்குச் செல்கின்றனர். வரம்பை வெட்டவும் பள்ளத்தைத் தூர்வாரவும் ஆள் குறைகின்றது. உழுவாரில்லாத மலைவயல் சில ஆண்டுகளிற் புல்லும் புதருமாகித் தோக்கி இறங்கமுடியாத நிலமாகிவிடும். முன்பு கமத்தொழில் தீவிரமானதால் பறவை அழிந்தது. இனிக் கமத்தொழில் இல்லாது போவதாலும் அது அழியக்கூடும்.

பெருநிலப்பரப்பிற் கடைசித் தோக்கி பிடிக்கப்பட்ட நோட்டோ தீபகற்பத்திலும் 2026 இல் பறவைகளை விடுவதென 2025 இல் தீர்மானிக்கப்பட்டது. 2024 ஜனவரி முதலாம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் அங்கு படிவயல்களும் வாய்க்கால்களும் பிளந்து போயின. பலர் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். எஞ்சியோர் பிளந்த வரம்புகளை அடைத்து, வயலுக்கு மீண்டும் நீர் கொண்டுவரும் வேலையில் ஈடுபட்டனர்.